புது வண்டியில் எண்ணெய் குறைவதேன்?

புதிதாக வாங்கிய மண்குடத்தில் முதல்நாள் வார்த்து வைத்த நீர் மறுநாள் காலையில் சற்றுக் குறைந்திருக்கும். அதைக் கண்டு வீட்டுப் பெண்கள் குடம் ஓட்டை என்று குயவனை ஏசுவதில்லை. புதுமண் நீரைக் குடிக்கும் என்பதை அவர்கள் அறிவர். ஆனால் ஒரு மாதம் சென்ற பின்னும் அதே அளவு நீர் நாள்தோறும் குறைந்துகொண்டே வருமாயின், குடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இயல்பு எது, பழுது எது என்று பிரித்தறியும் அறிவு இதுவேயாகும். பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கும் மோட்டார் வண்டியின் வகையில் மட்டும் இவ்வறிவு பலருக்குக் கைகொடுப்பதில்லை.

மலைப்பக்கத்தில் காய்கறி வாணிகம் செய்யும் ஒருவர், தவணைக் கடனில் புதிய பிக்கப் வண்டியொன்றை வாங்கி, ஓட்டுநர் ஒருவரையும் அமர்த்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாங்கி எட்டு மாதந்தான் ஆகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடியபோது எண்ணெய் மாற்றியாயிற்று. 16,000 கிலோமீட்டர் ஆகியிருக்கும் வேளையில், ஒருநாள் விடியற்காலை ஓட்டுநர் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்க்கிறார். எண்ணெய் கீழ்க்கோட்டில் நிற்கிறது. வண்டி நின்ற தரையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. புகைக்குழாயில் கண்ணுக்குத் தெரியும் புகையும் இல்லை. அப்படியானால் எண்ணெய் எங்கே போயிற்று?

முதலாளியின் ஐயம் முதலில் ஓட்டுநர்மேல் விழுகிறது. எண்ணெயை வடித்து விற்றுவிட்டான் என்று எண்ணுகிறார். அடுத்துப் பட்டறைமேல் விழுகிறது. குறைவாக ஊற்றிவிட்டு முழுக்காசும் வாங்கிக்கொண்டார்கள் என்கிறார். பிறகு வண்டியைச் செய்த நிறுவனத்தின்மேல் விழுகிறது. பழுதான இயந்திரத்தைத் தம் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார். இம்மூவரில் எவரும் குற்றம் செய்யாமலே எண்ணெய் குறைந்திருக்கலாம். ஒருவர் குற்றவாளியாக இருக்கவுங் கூடும். ஒரு தொழிலாளியின் நற்பெயரும் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் இதில் அடங்கியிருப்பதால், பழி சொல்லுமுன் இயந்திரத்தினுள்ளே நடப்பது என்ன என்று அறிந்துகொள்ளுதல் கடமையாகும்.

எண்ணெய் செய்யும் வேலை

மலாய்க்காரர் இயந்திர எண்ணெயை 'மின்யாக் ஹீத்தாம்' என்பர். கறுப்பெண்ணெய் என்பது அதன் பொருள். புதிதாக ஊற்றும்போது தேன் நிறத்தில் இருக்கும் எண்ணெய், வண்டி ஓட ஓடக் கரியைத் தன்னுள் வாங்கிக் கறுத்துப்போகிறது. அக்கரியைக் கழுவிக் கொணர்வதும் எண்ணெயின் வேலைகளுள் ஒன்றேயாம். உலோகமும் உலோகமும் உரசாமல் இடைநின்று காப்பது, பிஸ்டனின் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவது, நுண்ணிய இடைவெளிகளை அடைத்து நிற்பது ஆகியன அதன் மற்ற வேலைகள்.

சிலிண்டர் என்பது உருளை வடிவமான அறை. அதனுள் பிஸ்டன் மேலுங் கீழுமாக ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றிப் பொதுவாக மூன்று வளையங்கள் பொருத்தப்பட்டிருக்கும். மேலிருக்கும் இரண்டும் எரியும் வாயுவைக் கீழே போகவிடாமல் தடுக்கின்றன. மூன்றாவது வளையம், சுவரில் தெறித்த எண்ணெயை வழித்துக் கீழே தள்ளுகிறது. ஆட்டுரலில் அரைத்த மாவைக் கையால் எவ்வளவுதான் வழித்தாலும் கல்லில் மெல்லிய ஏடாக மாவு ஒட்டியிருக்குமன்றோ? அதுபோலவே சிலிண்டர்ச் சுவரிலும் எண்ணெய் ஏடு ஒன்று நின்றுவிடுகிறது. அது நிற்கவும் வேண்டும். இல்லையேல் மேல் வளையங்கள் வறண்ட சுவரில் உரசித் தேய்ந்து அழியும். அவ்வேட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக்கினால் அவற்றில் ஒரு சில கூறுகளே.

சிலிண்டரில் தீ எரியும் ஒவ்வொரு முறையும் இந்த ஏட்டின் மேற்புறம் தீயின் முன் நிற்கிறது. அதில் மிகமிகச் சிறு பகுதி ஆவியாகி எரிந்து போகிறது. ஆகவே, எண்ணெயைச் சிறிதும் எரிக்காத இயந்திரம் உலகில் இல்லை. 'என் வண்டி ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை' என்று ஒருவர் கூறினால், குறைவு அளவுகோலில் தெரியாத அளவு சிறிது என்பதே அதன் பொருள்.

சொட்டுக் கணக்கு

இதை ஒரு கணக்கினால் தெளிவுபடுத்தலாம். நான்கு சிலிண்டர் கொண்ட வண்டியொன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், இயந்திரம் நிமிடத்திற்கு 2,000 முறை சுழலும்படி ஓடுகிறது என்க. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு நிமிடம் ஆகும். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் தீ எரிகிறது. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சிலிண்டரில் 1,000 முறை, நான்கிலும் சேர்த்து 4,000 முறை தீ எரியும். 1,000 கிலோமீட்டருக்கு 40 இலட்சம் முறை.

இனி, ஒரு மில்லிலிட்டர் எண்ணெய்க்கு 20 சொட்டு என்று கொண்டால், ஒரு லிட்டருக்கு 20,000 சொட்டு ஆகும். 40 இலட்சத்தை 20,000 ஆல் வகுத்தால் 200 வரும். அஃதாவது, 200 முறை தீ எரிவதற்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய் நழுவினால் போதும்; 1,000 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் எண்ணெய் காணாமற் போய்விடும். மேற்சொன்ன காய்கறி வண்டியில் 6,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குறைந்திருக்கிறது. 1,200 முறை தீ எரிந்ததற்கு ஒரு சொட்டு என்பது அதன் கணக்கு. இத்துணைச் சிறிய நழுவல் புகையாகவோ கறையாகவோ கண்ணிற்படாததில் வியப்பில்லை.

புதுமைக்கே உரிய குறைவு

புதிய சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. தொழிற்சாலையில் அதன் சுவரிலே குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். எண்ணெய் தங்குவதற்கு இக்கீறல்கள் தேவை. தொடக்கத்தில் இக்கீறல்களின் முகடுகள் கூராக இருக்கும். வளையங்களும் சுவரோடு முற்றும் ஒட்டியிருக்கமாட்டா. வண்டி ஓட ஓட முகடுகள் மழுங்கி, வளையமும் சுவரும் ஒன்றுக்கொன்று இணங்கிப் போகின்றன. இந்த இணக்கம் உண்டாகும்வரை எண்ணெய் சற்றுக் கூடுதலாகவே எரியும். முதற்சில ஆயிரம் கிலோமீட்டர்களில் இக்குறைவு படிப்படியாகத் தணிந்து ஒரு நிலைக்கு வரவேண்டும். தணிகிறதா, ஏறுகிறதா என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

இதில் ஒரு முரண் உண்டு. புது வண்டியாயிற்றே என்று அளவுக்கு மீறி அருமை பாராட்டுவோர், அதை எப்பொழுதும் மிக மெதுவாகவே ஓட்டுகின்றனர். இயந்திரத்தை நெடுநேரம் வெறுமனே ஓடவிட்டும் வைக்கின்றனர். எரியும் வாயுவின் அழுத்தமே வளையத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் போதாவிடில் வளையம் படிவதில்லை. சுவரில் எண்ணெய் கருகிப் பளபளப்பான பூச்சாகப் படிந்துவிடவுங் கூடும். அதற்காகப் புது வண்டியின்மேல் முதல் வாரமே பெரும்பாரம் ஏற்றி மலையேற்றுவதும் தவறு. வேகத்தை மாற்றி மாற்றி, மிதமான பளுவோடு ஓட்டிப் பழக்குவதே முறை. வண்டியின் கையேட்டில் இதற்கென ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலோர் படிக்காமல் விடுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.

எண்ணெய் போகும் வழிகள்

வளையங்களைத் தவிர வேறு வழிகளும் உண்டு. வால்வுத் தண்டுகளைச் சுற்றியுள்ள இரப்பர் அடைப்பு கெட்டால், இரவெல்லாம் எண்ணெய் கசிந்து சிலிண்டரில் சேரும். காலையில் இயந்திரத்தை முடுக்கியதும் நீலப்புகை ஒரு கொத்தாக வந்து மறையும். வண்டியை அழுத்தி ஓட்டும்போதெல்லாம் நீலப்புகை வருமாயின் வளையங்களை ஐயுறவேண்டும். பெட்ரோல் வண்டியில் நெடுந்தூரம் இறக்கத்தில் இறங்கிவிட்டு மீண்டும் முடுக்கும்போது வருமாயின், வால்வுப் பக்கத்தை ஆராயவேண்டும். இறக்கத்தில் சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் எண்ணெயை உறிஞ்சிவிடுகிறது. கரும்புகை எரிபொருள் மிகுதியால் வருவது. நீங்காத வெண்புகை குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதைக் காட்டலாம். புகையைத் தூய்மை செய்யும் கருவி பொருத்திய இக்கால வண்டிகளில் சிறிதளவு எண்ணெய் எரிந்தால் புகையே தெரியாமலும் இருக்கும். எனவே, புகையில்லை என்பது எண்ணெய் எரியவில்லை என்பதற்குச் சான்றாகாது.

டர்போ பொருத்திய வண்டிகளில் அதன் சுழல்தண்டு வழியாகவும் எண்ணெய் கசியலாம். வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கும் வாயுவை மீண்டும் சிலிண்டருக்கு அனுப்பும் மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. அவ்வாயுவோடு எண்ணெய்த் திவலைகளும் கலந்து போய் எரிகின்றன. எண்ணெய் வடிக்கும் திருகாணியின் அடியிலும் எண்ணெய் வடிகட்டியின் விளிம்பிலும் வெளிப்படையான கசிவு உண்டாகலாம். இவற்றை முதலில் பார்ப்பது எளிது, செலவுமில்லை.

எண்ணெயின் தரமும் இதில் பங்கு கொள்கிறது. 250 பாகை செல்சியஸ் சூட்டில் ஒருமணி நேரம் வைத்து எண்ணெயில் எவ்வளவு ஆவியாகிறது என்று சோதிக்கும் முறை ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஏ.பி.ஐ. 'எஸ்.பி.' தரத்தின்படி, எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கிற்குமேல் ஆவியாகலாகாது. விலை மலிவு என்று தரக்குறி இல்லாத எண்ணெயை வாங்கி ஊற்றினால், இந்த வரம்புக்கு எவரும் பொறுப்பில்லை.

ஓர் அமெரிக்க வழக்கு

நிற்க. புது வண்டியில் எண்ணெய் குறைவது எல்லாம் இயல்பே என்று கூறி வாங்கியவர் வாயை அடைத்துவிடலாகாது என்பதற்கும் சான்று உண்டு. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, இக்காலத்தில் வளையங்கள் முன்னைவிட மெலிவாகவும், சுவரை இலேசாக அழுத்தும்படியும் செய்யப்படுகின்றன. எண்ணெயும் நீர்த்ததாகவே ஊற்றப்படுகிறது. உராய்வு குறைகிறது என்பது நன்மை. ஆனால் வளையம் அமர்ந்திருக்கும் பள்ளத்தில் சற்றுக் கரி படிந்தாலும் அது ஒட்டிக்கொண்டு வழிக்கும் வேலையைச் செய்யாமற் போகும் என்பது அதன் மறுபக்கம்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் செய்த 5.3 லிட்டர், எட்டுச் சிலிண்டர் இயந்திரம் ஒன்று, செவர்லே சில்வராடோ போன்ற பிக்கப் வண்டிகளில் பொருத்தப்பட்டது. சமதரையில் பளு குறைவாக ஓடும்போது எட்டில் நான்கு சிலிண்டர்களுக்கு ஓய்வு கொடுத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அதில் இருந்தது. அந்த ஏற்பாட்டைச் சேர்ந்த ஒரு வால்விலிருந்து எண்ணெய் பீச்சித் தெறித்து வளையப் பள்ளங்களில் கரி படியக் காரணமாகலாம் என்றும், மூச்சுக்குழாய் வழியாகவும் எண்ணெய் இழுக்கப்படலாம் என்றும் நிறுவனமே தன் பட்டறைகளுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு அனுப்பியது. தெறிப்பைத் தடுக்க ஒரு தகட்டைப் பொருத்தும்படியும் அதில் கூறப்பட்டது.

2011 முதல் 2014 வரையிலான மாதிரி வண்டிகளை வாங்கியவர்கள் சார்பில் 2016இல் வழக்குத் தொடரப்பட்டது. நிறுவனம் தன்மேல் குற்றமில்லை என்று வாதாடியது. 2022 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடுவர் குழுவினர் வாங்கியோர் பக்கம் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 38,000 பேருக்குத் தலைக்கு 2,700 டாலர் வீதம் 10 கோடியே 26 இலட்சம் டாலர் கொடுக்கவேண்டும் என்றனர். வழக்குத் தொடர்ந்ததிலிருந்து இத்தீர்ப்பு வர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. கண்ணுக்குத் தெரியாமல் குறையும் பொருளைப்பற்றிய வழக்கில், எவ்வளவு குறைந்தது, எத்தனை தூரத்தில் குறைந்தது என்ற கணக்கே பேசும் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

இயல்பும் ஆபத்தும்

எவ்வளவு குறைந்தால் பழுது? எல்லா நிறுவனத்தாரும் ஒரே விடை கூறுவதில்லை. அமெரிக்காவில் 2,000 மைலுக்கு ஒரு குவார்ட்டு, அஃதாவது 3,200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, என்ற அளவை ஏற்பது உண்டு. ஜெர்மானியக் கையேடு ஒன்று 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்றும், முதல் 5,000 கிலோமீட்டரில் அதற்கு மேலும் போகலாம் என்றும் கூறுகிறது. இவ்வளவுகள் தாராளமானவை. நடைமுறையில் நல்ல இயந்திரங்கள் இதில் சிறு பங்கே குடிக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இயல்பு என்று கையேடு கூறுவது, பார்க்காமல் விட்டாலும் தீங்கில்லை என்று பொருள்படாது. பல வண்டிகளில் அளவுகோலின் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். 1,000 கிலோமீட்டருக்கு 150 மில்லிலிட்டர் குறையும் வண்டி, கையேட்டின்படி முற்றிலும் இயல்பானதே. ஆனால் அது 6,700 கிலோமீட்டருக்குள் கீழ்க்கோட்டைத் தொட்டுவிடும். அடுத்த எண்ணெய் மாற்றம் 10,000 கிலோமீட்டரில் என்று கவலையின்றி இருப்பவர், மீதித் தூரத்தை எண்ணெய் போதாத இயந்திரத்தோடு ஓட்டுகிறார். அரை லிட்டர் வீதம் குறையுமாயின், 2,000 கிலோமீட்டரிலேயே கீழ்க்கோடு வந்துவிடும்.

எச்சரிக்கை விளக்கு காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருப்பதும் தவறு. பல வண்டிகளில் செந்நிற எண்ணெய் விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று. எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுவது. எண்ணெய் மிகக் குறைந்து, வளைவுகளிலும் மேடுகளிலும் அது ஒருபுறம் சரியும்போது எண்ணெய் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும். அப்போதுதான் விளக்கு எரியும். அதற்குள் உள்ளே உலோகமும் உலோகமும் உரசத் தொடங்கியிருக்கும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுச் சாலை போன்ற இடங்களில் இவ்விளக்கு எரிந்தால், 'மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று எண்ணாமல் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி உடனே இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும்.

அளக்கும் முறை

அளப்பதற்குக் கருவி எதுவும் வாங்கவேண்டியதில்லை. அளவுகோலும், அளவிட்ட குவளையும், பழைய நோட்டுப் புத்தகமும் போதும். எண்ணெய் மாற்றியவுடன், சமதரையில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துச் சில நிமிடங்கள் பொறுத்து, அளவுகோலைத் துடைத்து மறுபடி செருகி எடுத்துப் பார்க்கவேண்டும். மேல்கோட்டில் எண்ணெய் நிற்கிறதா என்பதைப் பட்டறையை விட்டு வெளியேறுமுன் பார்த்துவிட்டால், குறைவாக ஊற்றினார்களோ என்ற ஐயத்திற்கே இடமிராது. கிலோமீட்டர் எண்ணையும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1,000 கிலோமீட்டர் ஓடிய பின், அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, மீண்டும் மேல்கோட்டைத் தொட எத்தனை மில்லிலிட்டர் ஊற்ற நேர்ந்தது என்று குவளையால் அளந்து எழுதவேண்டும். ஒருநாள் சரிவிலும் ஒருநாள் சமதரையிலும் பார்த்த கணக்கு கணக்கன்று. மேல்கோட்டிற்கு மேல் ஊற்றுவதும் கேடு. மிகுந்த எண்ணெய் நுரைத்து மூச்சுக்குழாய் வழியே போய்விடும்.

மூன்று நான்கு முறை இவ்வாறு எழுதியதும், அந்த எண்கள் தாமே பேசத் தொடங்கும். 200, 150, 120 என்று இறங்கினால் இயந்திரம் படிந்துவருகிறது. 150, 150, 150 என்று நின்றால் அது அந்த வண்டியின் குணம்; அதற்கேற்ப இடையில் ஊற்றிக்கொண்டால் போதும். 150, 250, 400 என்று ஏறினால், உத்தரவாதக் காலம் முடியுமுன் அந்த நோட்டுப் புத்தகத்தோடு விற்றவரிடம் சென்று, எண்ணெய்க் குறைவைச் சோதித்துத் தரும்படி எழுத்து மூலம் கேட்கவேண்டும்.

டீசல் வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். புதிய டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதில் சேர்ந்த கரியை எரிக்க டீசல் கூடுதலாகச் செலுத்தப்படும். அதில் சிறுபகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து எண்ணெயோடு கலக்கிறது. குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளில் இது மிகுதி. அப்போது எண்ணெயின் மட்டம் குறையாமல் நிற்கும். சிலவேளை உயரவும் செய்யும். எண்ணெய் குறையவில்லை என்று மகிழ்வதற்கு இது காரணமன்று. அங்கே நிற்பது டீசல் கலந்து நீர்த்துப்போன எண்ணெய். மட்டம் மேல்கோட்டைத் தாண்டினால், எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. காய்கறி வண்டியின் ஓட்டுநர், எண்ணெய் மாற்றிய நாளிலிருந்து குறித்துவைத்த நோட்டு ஒன்று அவர் கையில் இருந்திருக்குமானால், 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 165 மில்லிலிட்டர் என்று ஒரே சீராகக் குறைந்து வந்த கணக்கு முதலாளியின் கண்ணெதிரே நின்றிருக்கும். வடித்து விற்றவன் எண்ணெய் அப்படிச் சீராகக் குறையாது. ஓட்டுநர் பழியினின்று நீங்கியிருப்பார். முதலாளியும் கீழ்க்கோடு வருமுன் அரை லிட்டர் ஊற்றி இயந்திரத்தைக் காத்திருப்பார். வாரத்திற்கு ஒருமுறை, புறப்படுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அளவுகோலைப் பார்த்து எழுதும் வழக்கத்தை, வண்டியுடையோரும் ஓட்டுவோரும் சேர்ந்தே கைக்கொள்வார்களாக.